கிளிஞ்சலும் ஒதுங்கிய கட்டையும் கொண்டு ஒரு சுவர்த் தொங்கல்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் கடல் கொந்தளிப்பு ஓய்ந்த பிறகு, சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளம் போன்ற கரைகளில் விடியற்காலையில் நடந்தால், அலை விட்டுச்சென்ற கோட்டில் கிளிஞ்சல்கள் வரிசையாகக் கிடக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் வழக்கத்தைவிட அதிகமாக உள்வாங்குவதால், பொறுக்குவதற்கு அந்நாள்களே ஏற்றவை. இந்தத் தொங்கலுக்கு, விரலகல இரட்டை ஓட்டுச் சிப்பிகளின் ஒற்றை ஓடுகள் 42, முழங்கை நீளமுள்ள ஒரு கட்டை, சாக்கு தைக்கும் பருத்தி நூல் ஆகியவை போதும்.

பொறுக்கும்போது ஓட்டின் கூர்முனைப் பக்கத்தைப் பாருங்கள். சிலவற்றில் துளைக்கருவியால் போட்டது போன்ற வட்டமான ஓட்டை இருக்கும். அதன் வெளிவாய் அகன்றும் உள்வாய் குறுகியும் இருக்கும். சிப்பியைத் தின்னும் ஒருவகைக் கடல் நத்தை அரித்துப் போட்ட துளை அது. நமக்கு அதுவே நூல் கோக்கும் வழியாகிவிடுவதால், துளையுள்ள ஓடுகளாகவே தேர்ந்தெடுத்தால் துளைக்கருவியைத் தொடவே வேண்டியதில்லை. சுருள் சங்குகளை எடுப்பதாக இருந்தால், உள்ளே நத்தையோ துறவி நண்டோ குடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். பவளத் துண்டுகள், கடல் விசிறி, கடல்குதிரை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்கீழ் வருபவை. காய்ந்து கிடந்தாலும் எடுக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை உப்பை நீக்குவது. கிளிஞ்சல்களையும் கட்டையையும் நல்ல தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, நாள்தோறும் தண்ணீரை மாற்றுங்கள். இதில் அவசரப்பட்டு நான் செய்த முதல் தொங்கல், மழைக்காலம் வந்ததும் உப்பு ஈரத்தை இழுத்து, நூல் பிசுபிசுத்து, சுவரில் கறையும் படியக் காரணமாயிற்று. துர்நாற்றம் போகவில்லையென்றால், ஒரு வாளித் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கரைத்து ஒரு மணி நேரம் போட்டு, பிறகு நன்றாக அலசுங்கள். வினிகரும் எலுமிச்சைச் சாறும் கூடவே கூடாது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்புக்கே கிளிஞ்சலைத்தான் சுட்டார்கள் என்பதை நினைத்தால் காரணம் விளங்கும், புளிப்பு பட்டவுடன் ஓடு நுரைத்துக் கரைந்து மங்கிவிடும். பிளீச்சிங் பவுடரோடு அவை கலந்தால் நச்சு வாயுவும் கிளம்பும். கழுவியவற்றை நிழலில் உலர்த்துங்கள். கட்டை முழுவதும் காய ஒரு வாரமாவது ஆகும்.

இனிக் கோக்கலாம். ஐந்து சரங்கள்: நடுச்சரம் 60 செ.மீ., அதன் இருபுறமும் 45, ஓரங்களில் 30. முடிச்சுகள் நீளத்தைத் தின்றுவிடுமாதலால், நூலை இரு மடங்காக வெட்டிக்கொள்ளுங்கள். நுனியை மெழுகுவர்த்தியில் தேய்த்து முறுக்கினால் ஊசியில்லாமலே துளையில் நுழையும். கீழிருந்து மேலாக, 5 செ.மீ.க்கு ஒரு கிளிஞ்சல்: துளைக்குள் விட்ட நூலை ஓட்டின் விளிம்பைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபடியும் அதே துளையில் நுழைத்து இறுக்கி, மேலே ஒரு முடிச்சுப் போடுங்கள். கனமானவை அடியிலும் இலேசானவை மேலேயும் அமைந்தால் சரம் முறுக்கிக்கொள்ளாது. தூண்டில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் பலர் அதை விரும்புவார்கள். முடிச்சு வழுக்கி அவிழ்ந்துவிடும் என்பதால், புதிதாகச் செய்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சரங்களைக் கட்டையில் நான்கு விரல் இடைவெளியில் இரட்டை முடிச்சாகக் கட்டி, கட்டையின் இரு முனைகளிலும் தேங்காய்நார்க் கயிற்றைப் பிணைத்து ஆணியில் மாட்டுங்கள். ஒருபக்கம் சாய்ந்தால் முடிச்சுகளை அவிழ்க்க வேண்டாம். கயிற்றை ஆணியின் மேல் சற்றே நகர்த்தினாலே நேராகிவிடும். ஓடுகள் வெளிறித் தெரிந்தால், துணியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள், கரையில் நனைந்து கிடந்தபோது இருந்த நிறம் திரும்பும்.