குழுவில் வந்த படத்தையும் காணொளியையும் பகிரும் முன்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் மாமா ஒருவர் எரிந்த கடையொன்றின் படத்தைப் போட்டு, “பக்கத்து ஊர்க்காரர் செய்த வேலை, எல்லோருக்கும் அனுப்புங்கள்” என்று எழுதியிருந்தார். அது வேறு நாட்டில் எடுக்கப்பட்ட பழைய படம் என்பதை அரைமணித்தியாலத்தில் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால், அதை நான் மறுத்த விதமே அந்தப் படத்தை மேலும் பரப்பியது. தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்வதாக இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சொல்லிக்கொள்கிறோம். கல்முனையிலும் ஓட்டமாவடியிலும் ஒரு வேலிதான் இரு ஊர்களைப் பிரிக்கிறது. அந்த வேலிக்கு இரு பக்கமும் ஒரே பொய் இரண்டு விதமாகச் சுற்றக்கூடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: நிறுத்துதல்

செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி தெரிந்தால், அது உங்களை வந்தடையும் முன் குறைந்தது ஐந்து முறை கைமாறியிருக்கிறது என்று பொருள். அத்தகைய செய்தியை ஒரு தடவையில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என 2020 ஏப்ரலில் வட்ஸ்அப் கட்டுப்பாடு விதித்தது. ஐக்கிய நாடுகள் சபை அதே ஆண்டு மே மாதம் தொடங்கிய ‘வெரிஃபைட்’ முயற்சியும், பகிரும் முன் சற்று நிறுத்துங்கள் என்பதையே உலகெங்கும் வலியுறுத்தியது.

படி 2: படத்தின் வயதைக் கண்டறிதல்

படத்தின் மேல் எழுதப்பட்டுள்ள வாசகங்களை வெட்டி நீக்கிய பின்னரே, அந்தப் படத்தைக் கொடுத்து இணையத்தில் தேடுங்கள். இல்லாவிட்டால் தேடுபொறி அந்த எழுத்துகளையே பின்தொடர்ந்து செல்லும். காணொளியாயின், பெயர்ப்பலகையோ வாகன இலக்கத் தகடோ தெரியும் இடத்தில் நிறுத்தி, ஸ்கிரீன்ஷொட் எடுத்துக்கொள்ளுங்கள். இடத்தை அறிய கூகுள் லென்ஸ் போதும். வயதை அறிய நான் டின்ஐ (TinEye) என்ற படத்தேடல் தளத்தையே விரும்புகிறேன், ஏனெனில் கிடைத்த முடிவுகளை மிகப் பழையதிலிருந்து வரிசைப்படுத்தும் வசதி அதில் உண்டு.

படி 3: படம் உண்மை, பொருள் பொய்

தேடுபொறி எதையும் காட்டவில்லை என்பதற்காக ஒரு காணொளியை நம்பிவிடக் கூடாது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் உணவில் கட்டியொன்று இருந்ததைக் கண்டவர்கள், அது மலட்டு மாத்திரை என்று கூறிக் கடையிலிருந்தவரைச் சூழ்ந்துகொண்டார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத அவர், கும்பலின் நடுவே, மாத்திரை போட்டதாக ஒப்புக்கொள்வது போன்ற சொற்களைச் சொல்ல, அதைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து முகநூலில் பரப்பினார்கள். அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அடுத்த வாரம் வேறொரு சம்பவத்தைத் தொடர்ந்து கண்டி திகனயில் வன்முறை மூண்டபோது, மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்க வேண்டியதாயிற்று. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அந்தக் கட்டி வெறும் மாவு என்று தெரியவந்தது. சாப்பாட்டில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவத்தில் இல்லவே இல்லை. 2018ஆம் ஆண்டு வன்முறையில் தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில்தான் மன்னிப்புக் கேட்டது.

அந்தக் காணொளி போலியாகத் தயாரிக்கப்பட்டதல்ல. ஆகவே, கேள்வி கேட்பவர் யார், எந்த மொழியில் கேட்கிறார், பதில் சொல்பவருக்கு அந்த மொழி தெரியுமா, சுற்றி நிற்பவர்கள் எத்தனை பேர், பதிவு எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்பவற்றை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சிங்களக் காணொளியாயின், மொழிபெயர்ப்புச் செயலியை நம்பாமல் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள்; அச்சத்தில் ஒருவரது குரல் தடுமாறுவதை எந்தச் செயலியும் மொழிபெயர்ப்பதில்லை.

படி 4: மறுப்பை எழுதுதல்

நான் தவறிய இடம் இதுதான். மாமா போட்ட படத்தின் குறுக்கே சிவப்பு எழுத்தில் ‘பொய்’ என்று எழுதி, எனக்குத் தெரிந்த எல்லாக் குழுக்களிலும் போட்டேன். அதுவரை அதைக் காணாதவர்களும் அன்று என் மூலம் கண்டார்கள். இரண்டு நாள் கழித்து, சிவப்பு எழுத்து இருந்த பகுதி வெட்டப்பட்டு, அதே படம் வேறொரு குழுவில் வந்து சேர்ந்தது. வெட்டப்பட்ட விளிம்பில் என் எழுத்தின் வால் தெரிந்ததால், அது என்னிடமிருந்து போன பிரதிதான் என்று எனக்குத் தெரியும்.

இப்போது பொய்ப் படத்தை மீண்டும் போடுவதே இல்லை. குறிப்பிட்ட கடைக்கு நேரில் போய், அல்லது அங்குள்ள ஒருவரைக் கேட்டு, அன்றைய படத்தைப் பெற்று, அதையே மறுப்புடன் இணைக்கிறேன். எழுதும்போது உண்மை முதலில் வர வேண்டும். பொய் நடுவில் ஒரே வரியில். உண்மை மீண்டும் இறுதியில். உதாரணமாக: “சந்தியிலுள்ள கடை இன்று காலையும் வழமைபோலத் திறந்திருந்தது, இதோ படம். எரிந்த கடை என்று சுற்றுவது வேறு நாட்டில் எடுக்கப்பட்ட பழைய படம். நம் சந்தியில் எந்தக் கடையும் எரியவில்லை.” இதில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். “அவர்கள் அப்படிச் செய்யவில்லை” என்று எழுதினாலும், வாசிப்பவர் மனதில் ‘அவர்கள்’ என்ற சொல்லே தங்கிவிடுகிறது.

மறுப்பைப் போடும் முன், அனுப்பியவரிடம் தனியாகப் பேசுங்கள். “மாமா, அந்தப் படம் பழையது, நீங்களே எடுத்துவிட்டால் நல்லது” என்று பணிவாகச் சொன்னால், பெரியவர்கள் பெரும்பாலும் கேட்பார்கள். பேரப்பிள்ளைகள் பார்க்கும் குழுவில் திருத்தினால், தம் சொல்லை நிலைநாட்டவே முனைவார்கள். ‘எல்லோருக்கும் அழி’ என்ற வசதி அனுப்பியவருக்கு 2 நாள் 12 மணித்தியாலம் வரைதான் இருக்கும். அவர் எடுக்காவிட்டால் குழு நிர்வாகியிடம் சொல்லுங்கள்.

படி 5: முறைப்பாடு

பதிவின் இணைப்பு, திகதி, கணக்கின் பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்த பின்னரே முறையிடுங்கள், ஏனெனில் பதிவு நீக்கப்பட்டால் சான்றும் அதனுடன் போய்விடும். பகையைத் தூண்டும் பேச்சை இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் தொடர்பான சர்வதேச சமவாய) சட்டத்தின் 3ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. ஆனால் அதே சட்டம் எழுத்தாளர்கள் மீதும் பாய்ந்திருப்பதால், பொலிசுக்குப் போகும் முன் நான் ரபாத் அளவுகோலைப் பயன்படுத்துகிறேன். 2012இல் மொரோக்கோவின் ரபாத் நகரில் ஐக்கிய நாடுகள் கூட்டிய நிபுணர்கள் முன்வைத்த ஆறு கேள்விகள் அவை: நாட்டுச் சூழல் எப்படி, பேசியவரின் செல்வாக்கு என்ன, தூண்டும் நோக்கம் இருந்ததா, உள்ளடக்கமும் வடிவமும் எப்படிப்பட்டவை, எத்தனை பேரை எட்டியது, தீங்கு நிகழும் வாய்ப்பு எவ்வளவு. கோபத்தில் ஒருவர் எழுதிய வசவும், நூறு குழுக்களுக்குப் போகும் “நாளை கூடுங்கள்” என்ற அழைப்பும் ஒன்றல்ல என்பதை இந்தக் கேள்விகள் தெளிவாகக் காட்டுகின்றன. முதலாவதை முகநூல், வட்ஸ்அப் போன்ற அந்தந்தத் தளத்துக்கு மட்டும் முறையிடுங்கள், இரண்டாவதுடன் பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள்.

பின்சேர்க்கை: குரல் பதிவுகளை எப்படித் தேடுவது என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். அவற்றைத் தேடுபொறியில் போட முடியாது. பேசுபவர் தம் பெயரையும் ஊரையும் நேரத்தையும் சொல்லாமல் “இப்போதுதான் கேள்விப்பட்டேன்” என்று தொடங்கினால், அதை அனுப்பியவரிடம் யாரிடமிருந்து வந்தது என்று கேளுங்கள், அவரிடமிருந்து அதற்கு முந்தியவருக்குப் போங்கள். மூன்றாவது ஆளுக்கு அப்பால் யாருக்கும் தெரியாவிட்டால், அதை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. குளம் உடைத்துவிட்டது, கடல் ஊருக்குள் வருகிறது என்ற பதிவுகளுக்கு மட்டும் அந்தத் தேடலுக்காகக் காத்திருக்காமல், உடனே 117 இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தைக் கேளுங்கள்.