வரியை எங்கே மடக்குவது: புதுக்கவிதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு பட்டறையில் கல்லூரிப் பிள்ளைகளின் கவிதைகளைப் படித்தேன். எழுத்துப்பிழையும் தேய்ந்த உவமையும் எழுத எழுதச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். ஆனால் 22 வயதில் நான் செய்த அதே தவறு பக்கத்துக்குப் பக்கம் இருந்தது.

சொல்லுக்கு ஒரு வரி

என் பழைய நோட்டிலிருந்தே காட்டுகிறேன்:

கடைசிப்
பேருந்து
வரும்
என்று
யாரும்
சொல்லவில்லை

வாசகர் நிறுத்தி நிதானமாகப் படிப்பார் என்று நம்பித்தான் இப்படி எழுதினேன். நடப்பது வேறு. கண் கடகடவென்று கீழே இறங்கிவிடுகிறது. ‘பேருந்து’க்கும் ஒரு வரி, ‘என்று’ என்பதற்கும் ஒரு வரி. எல்லாச் சொல்லையும் அழுத்தினால் எதுவுமே அழுந்தாது.

ஒரு சிற்றிதழ் ஆசிரியர் இதைத் திருப்பி அனுப்பி, ஒரே வரியாக எழுதிப் பார்த்ததில் எதுவும் குறையவில்லை என்று அஞ்சலட்டையில் எழுதியிருந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் சொன்னது புரியப் பத்து வருடம் ஆனது. அதற்குள் முதல் தொகுப்பே இந்த மடக்கலோடு அச்சாகிவிட்டது. இனி அதைத் திருத்த முடியாது.

இப்போது பாருங்கள்:

கடைசிப் பேருந்து வரும்
என்று யாரும் சொல்லவில்லை

முதல் வரி முடியும் இடத்தில் அது ஒரு முழு வாக்கியம். பேருந்து வரும் என்று வாசகர் நம்பிவிடுகிறார். அந்த நம்பிக்கை ஒரு மூச்சு நேரம் நிற்கிறது. அப்புறம் ‘என்று’ வந்து அதைப் பிடுங்கிக்கொள்கிறது. ‘என்று’ பின்னால் வந்து ஒட்டுவதும், ‘இல்லை’ கடைசியில் வருவதும் தமிழ் நமக்குத் தந்திருக்கும் வசதி. இன்னோர் இடத்திலும் மடக்கலாம்:

கடைசிப் பேருந்து வரும் என்று யாரும்
சொல்லவில்லை

இங்கே பேருந்து பின்னுக்குப் போய்விட்டது. ‘யாரும்’ விளிம்பில் தொங்குகிறது, மனிதர்கள் மேல் மனத்தாங்கல் வருகிறது. சொற்கள் அதே ஆறுதான்.

ஓலைச்சுவடியில் செய்யுளைப் பெரும்பாலும் அடி அடியாகப் பிரித்து எழுதவில்லை. ஓலை முடியும் வரை எழுத்து ஓடும், அடி முடியும் இடத்தைச் சீர்க்கணக்கே காட்டும். ‘கற்க கசடறக் கற்பவை கற்றபின்’ என்று நாலு சீரில் அடி நிற்கிறது. கற்றபின் என்ன என்று காது காத்திருக்கும்போது அடுத்த அடி ‘நிற்க’ என்று தொடங்குகிறது. யாப்பை விட்டுவிட்ட நமக்கு அந்தக் கணக்கு இல்லை. தாளில் விடும் வெற்றிடம் ஒன்றுதான் கையில் இருக்கிறது. அதைச் சொல்லுக்குச் சொல் வாரி இறைப்பதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய காலத்துப் புதுக்கவிதைக்காரர்கள் ‘ஒடித்துப் போட்ட உரைநடை’ என்ற ஏச்சை வாங்கிக்கொண்டுதான் எழுதினார்கள். அந்த ஏச்சை நாமே உண்மையாக்கலாமா?

வரிமுடிவில் ஒற்று

‘மழையைப்’ என்று வரியை முடித்து, அடுத்த வரியை ‘பார்த்தாள்’ என்று தொடங்கினால், அந்தப் ‘ப்’ குரலை நிற்க விடாது, கீழே இழுத்துப் போகும். வேகம் வேண்டுமென்றால் சரி. நிறுத்தம் வேண்டுமென்றால் அந்தப் ‘ப்’ என்ற ஒற்றெழுத்தை வெட்டிவிடாதீர்கள், ஒற்று மிகாத இடமாகப் பார்த்து மடக்குங்கள்.

கடைசிச் சொல்லைத் தனியே விடுவது

தொகுப்புக்கு ஒரு முறை போதும்.

மூன்று புள்ளி

வரியைத்தான் மடக்கியாயிற்றே, புள்ளி எதற்கு?

மடக்கிய பிறகு படித்துப் பார்ப்பது

வரிசை தலைகீழ். முதலில் கவிதையை ஒரே பத்தியாக எழுதிச் சத்தமாகப் படியுங்கள். குரல் தயங்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பட்டறையில் ஒரு மாணவி இப்படிச் செய்தபோது 18 வரி 5 வரியானது. அதில் ஒரு வரி ‘கதவைப் பூட்டிவிட்டு அப்பா’ என்று முடிந்தது. வீட்டை விட்டுப் போய்விட்டார் என்றே நினைத்தேன். அடுத்த வரி ‘திண்ணையில் படுத்துக்கொண்டார்’. அந்தக் கோட்டை அவளேதான் போட்டாள்.