பாதியில் நின்ற பேட்: அம்பயர் சண்டையை எப்படிச் சமாளிக்க வேண்டும்?

பேஸ்பாலில் பேட்டர் பேட்டை வீசத் தொடங்கிச் சட்டென்று இழுத்துக்கொள்வார். இதுதான் செக் ஸ்விங். அடிக்க முயன்று தவறவிட்டார் என்றால் ஸ்ட்ரைக் (மூன்று சேர்ந்தால் பேட்டர் அவுட்). முயலவில்லை, பந்தும் ஸ்ட்ரைக் ஸோனுக்கு (தரையில் பதித்த ஹோம் பிளேட் என்னும் தட்டுக்கு மேலே, பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட பகுதி) வெளியே போனது என்றால் ‘பால்’ (ball; நான்கு சேர்ந்தால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம்). மணிக்கட்டு திரும்பியதா, பேட் தட்டைத் தாண்டியதா என்று டிவியில் அலசுவார்களே, மேஜர் லீக் விதிப்புத்தகத்தில் அப்படி எந்த அளவுகோலும் இல்லை. எல்லாம் அம்பயரின் கணிப்பு. அதனால்தான் இத்தனை சண்டை. தட்டுக்குப் பின்னால் நிற்கும் அம்பயர் நீங்கள் என்றால், இப்படிச் சமாளியுங்கள்.

1. சந்தேகமா? பால் என்று சொல்லுங்கள். தட்டுக்குப் பின்னால் நிற்கும் அம்பயரின் கண் பந்தின் மேல் இருக்கும், பேட்டின் மேல் அல்ல. பேட்டை வீசினார் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ஸ்ட்ரைக் கொடுங்கள். ஏனென்றால், பால் என்ற தீர்ப்பின் மேல்தான் அப்பீல் உண்டு. ஸ்ட்ரைக் என்று சொல்லிவிட்டால் பேட்டர் எவ்வளவு கெஞ்சினாலும் சக அம்பயரிடம் கேட்கச் சொல்ல அவருக்கு வழியில்லை.

2. கேட்டால் உடனே கேளுங்கள். கேட்சரோ (தட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) ஃபீல்டிங் அணியின் மேனேஜரோ அப்பீல் செய்தால், பேஸ் (ரன்னர்கள் ஓடித் தொட வேண்டிய மூலை) அருகே நிற்கும் அம்பயரிடம் கேட்டே ஆகவேண்டும். வலதுகை பேட்டருக்கு முதல் பேஸ் அம்பயர், இடதுகை பேட்டருக்கு மூன்றாம் பேஸ் அம்பயர். பேட் எதுவரை போனது என்பது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். கையை நீட்டி, "வீசினாரா?" என்று கேட்டால் போதும். அடுத்த பந்து வீசப்பட்டுவிட்டால் அப்பீல் காலாவதி.

3. பேஸ் அம்பயரின் பதில் சைகையில். வீசினார் என்றால் மூடிய முஷ்டி. இல்லை என்றால் இரு கைகளையும் பக்கவாட்டில் விரிப்பது. விளக்கம் வேண்டாம், விளக்கத்தில்தான் வம்பே ஆரம்பம். அவர் ஸ்ட்ரைக் என்றால் அதுவே நிற்கும். இதற்குள் பந்து ஆட்டத்தில்தான் இருக்கிறது, ரன்னர்கள் உஷாராக இருப்பது அவர்கள் பாடு.

4. மேனேஜர் கிளம்பி வருகிறாரா? அவர் எழுப்பக்கூடிய ஒரே புகார், "ஏன் கேட்கவில்லை?" என்பதுதான். நீங்கள்தான் கேட்டுவிட்டீர்களே! தீர்ப்பே தப்பு என்று பேஸ் அம்பயரிடம் மல்லுக்கு நின்றால் முதலில் எச்சரிக்கை. அப்புறமும் தொடர்ந்தால், பால்-ஸ்ட்ரைக்கைப் பற்றி வாதாடியதாகக் கருதி வெளியேற்றலாம். என் கருத்தில், ஆத்திரத்தில் வரும் முதல் இரண்டு வாக்கியங்களைப் பொறுத்துக்கொள்வது நல்லது. பேட்டர் சலித்துக்கொண்டு தலையை ஆட்டினால் கண்டுகொள்ளவே வேண்டாம்.

முறையெல்லாம் சரியாக இருந்தும் வசை விழலாம். 2021 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கும் இடையிலான பிளேஆஃப் தொடரின் ஐந்தாவது ஆட்டம். டாட்ஜர்ஸ் 2-1 என முன்னிலை, கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட். டாட்ஜர்ஸின் மாக்ஸ் ஷெர்சர் வீசிய பந்துக்கு ஜயன்ட்ஸின் வில்மர் ஃப்ளோரெஸ் பேட்டை நிறுத்தினார். முதல் பேஸ் அம்பயர் கேப் மொராலெஸ் ‘பேட்டை வீசினார்’ என்று சைகை காட்ட, அது மூன்றாவது ஸ்ட்ரைக்காகி, மூன்றாவது அவுட்டுடன் ஜயன்ட்ஸின் சீசனே முடிந்தது. மறுஒளிபரப்பைப் பார்த்த பலருக்கும் அது ஸ்விங்காகத் தெரியவில்லை. ஆனால் செக் ஸ்விங்கை வீடியோ மறுஆய்வுக்கு அனுப்ப விதியில் இடமில்லை.