இரு துறைகளில் எழுதும் மருத்துவ ஆய்வாளரின் மேற்கோள் பதிவைப் படிப்பது எப்படி?

நாகர்கோவிலில் முதுநிலை மருத்துவ மாணவர்களின் ஆய்வேட்டுப் பணிக்கு உதவிவருகிறேன். மாரடைப்புக்குப் பின் வரும் மனச்சோர்வைத் தலைப்பாக எடுக்கும் மாணவர்கள், தாம் படிக்கும் ஆய்வாளரின் ‘எச்-இன்டெக்ஸ் எவ்வளவு?’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கட்டுரைகளின் எண்ணிக்கையையும் அவை பெற்ற மேற்கோள்களையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் அளவு அது. மனநல மருத்துவத்திலும் இதயவியலிலும் மாறி மாறி எழுதிய ஒருவரை அந்த ஒற்றை எண்ணால் அளக்க முடியாது என்பதால், அவர்களோடு அமர்ந்து நான் செய்யும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில், கட்டுரைகள் அனைத்தும் அவருடையவைதாமா என்று உறுதி செய்ய வேண்டும். மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட் தளத்தில் குடும்பப் பெயரை முதலிலும் தலைப்பெழுத்தைப் பின்னும் இட்டுத் தேடுகிறோம். நம் பெயர்களுக்கு இந்த முறை பொருந்துவதில்லை. தங்கராஜின் மகன் செல்வின் ஒரு கட்டுரையில் ‘டி. செல்வின்’ என்றும், கடவுச்சீட்டு எடுத்தபின் ‘செல்வின் தங்கராஜ்’ என்றும் கையொப்பமிட்டால், தரவுத்தளத்தில் அவர் இரண்டு ஆட்களாகிவிடுகிறார். எனவே ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்க்கிட் எண் இருந்தால் அதைக்கொண்டே பட்டியலைச் சரிபார்க்க வேண்டும்; இல்லையெனில் பணியிடத்தையும் இணை ஆசிரியர்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்து, ஒரு நீள நோட்டில் மூன்று பத்திகள் கோடிட்டு, மனநலம், இதயவியல், பொது மருத்துவம் என்று தலைப்பிட்டு, ஒவ்வொரு கட்டுரையையும் அது வந்த இதழின் துறைக்குக் கீழே எழுதுங்கள். மாண்ட்ரியலைச் சேர்ந்த நான்சி ஃபிரேஷர்-ஸ்மித்தின் பதிவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாரடைப்பு வந்த 222 பேரைப் பின்தொடர்ந்து, மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் இறக்கும் அபாயம் கூடுதல் என்று காட்டிய அவருடைய கட்டுரை 1993-இல் பொது மருத்துவ இதழான ‘ஜாமா’வில் வந்தது. 18 மாத முடிவுகள் 1995-இல் இதயவியல் இதழான ‘சர்குலேஷன்’ வழியாகவும், மனச்சோர்வையும் பதற்றத்தையும் சேர்த்து ஆராய்ந்த கட்டுரை 2008-இல் மனநல இதழான ‘ஆர்க்கைவ்ஸ் ஆஃப் ஜெனரல் சைக்கியாட்ரி’ வழியாகவும் வெளிவந்தன. ஒரே கேள்வியை 15 ஆண்டுகள் விடாமல் பின்பற்றிய உழைப்பு மூன்று பத்திகளிலும் சிதறிக் கிடப்பதை மாணவர்கள் தம் கையால் எழுதும்போதுதான் உணர்கிறார்கள். எனக்கு இந்தப் படிதான் மிகவும் பிடித்தது.

பிறகு எண்ணுக்கு வரலாம். இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த எச்-இன்டெக்ஸ் 20 என்றால், தலா குறைந்தது 20 மேற்கோள்கள் பெற்ற 20 கட்டுரைகள் உள்ளன என்று பொருள். ஆய்வேடுகளையும், இதழில் வருமுன் இணையத்தில் வெளியிடப்படும் முன்வரைவுகளையும் கூகுள் ஸ்காலர் சேர்த்துக்கொள்வதால் அங்கே எண்ணிக்கை பொதுவாகக் கூடுதலாகவும், ஸ்கோப்பஸ் என்னும் மேற்கோள் தரவுத்தளத்தில் குறைவாகவும் இருக்கும். எந்தத் தளம், எந்தத் தேதி என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

இந்த எண்ணைத் துறை கடந்து ஒப்பிடக் கூடாது. தோவாளைப் பூச்சந்தையில் ஒரு கிலோ பிச்சியும் ஒரு கிலோ அரளியும் தராசில் ஒரே எடைதான். ஆனால் இரண்டுக்கும் ஒரே விலை சொல்வாரில்லை. பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து நடத்தும் பெரிய இதயவியல் சோதனைக்கும் சிறு மனநல ஆய்வுக்கும் மேற்கோள் சேரும் வேகம் வேறு. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் ‘ஐசைட்’ என்னும் இலவசக் கருவி, ஒரு கட்டுரையோடு சேர்த்து மேற்கோள் காட்டப்படும் பிற கட்டுரைகளைக் கொண்டே அதன் துறையைத் தீர்மானித்து ஒப்பீட்டு விகிதம் தருகிறது. இரு துறைகளுக்கு இடையில் நிற்கும் கட்டுரைக்கு இது எவ்வளவோ நியாயமான அளவுகோல்.

கடைசிப் படிக்கு நேரம் பிடிக்கும், ஆனால் தவிர்க்காதீர்கள். மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் பத்தையாவது திறந்து, மேற்கோள் இடம்பெறும் வாக்கியத்தைப் படியுங்கள். மாரடைப்பு வந்த 2,481 நோயாளிகளோடு நடந்து 2003-இல் வெளியான ‘என்ரிச்டு’ சோதனையில், மனச்சோர்வுக்குத் தந்த சிகிச்சையால் அது ஓரளவு குறைந்தது. இறப்பும் மறு மாரடைப்பும் குறையவில்லை. அதன்பின் 1993-ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டுவோரில் சிலர், மனச்சோர்வுக்கும் இறப்புக்கும் உள்ள தொடர்புக்கு அதை ஆதாரமாக வைக்கிறார்கள். வேறு சிலர், தொடர்பு இருந்தும் சிகிச்சை ஏன் உயிர்களைக் காக்கவில்லை என்னும் கேள்வியை அங்கிருந்தே தொடங்குகிறார்கள். இரண்டும் எண்ணிக்கையில் ஒன்று ஒன்றாகவே ஏறும் என்பதால், நோட்டில் முதல் வகைக்கு நீல மையும் இரண்டாம் வகைக்குச் சிவப்பு மையும் பயன்படுத்தச் சொல்கிறேன். ஆய்வேட்டில் முந்தைய ஆய்வுகளை அலசும் பகுதியை எழுத உட்காரும்போது அந்தச் சிவப்பு வரிகளை முதலில் எடுங்கள்.