டிராபி வேட்டை காட்டைக் காக்கிறதா? தணிக்கை செய்து பார்க்கும் முறை

கூட்டுறவுத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். துப்பாக்கியைத் தொட்டதில்லை, தொடுகிற ஆசையும் இல்லை. கட்டணம் கட்டி விலங்கைச் சுட்டு, அதன் தலையையோ கொம்பையோ நினைவுப்பொருளாக எடுத்துப்போவதுதான் டிராபி வேட்டை. ஆனாலும், "பணக்காரர் ஒருவர் சுடும் ஒரு விலங்கு பல விலங்குகளை வாழவைக்கிறது" என்று யாராவது சொன்னால் சீறுவதும் இல்லை, தலையாட்டுவதும் இல்லை. பேரேட்டைக் கேட்கிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

முதலில் பணம். கட்டணம் எவ்வளவு என்பதை விடுங்கள். யார் கையில் விழுகிறது என்று பாருங்கள். பாகிஸ்தானின் வடக்கு மலைகளில் மார்க்கோர் என்ற திருகுக் கொம்புக் காட்டாடு வாழ்கிறது. ஒரு கிடாவைச் சுட ஒரு லட்சம் டாலருக்கு மேலும் வெளிநாட்டவர் கட்டியிருக்கிறார்கள். அதில் 80 சதவீதம் அந்தப் பள்ளத்தாக்கு மக்களுக்கு, மிச்சம் அரசுக்கு. பலூசிஸ்தானின் தோர்கர் மலையில் 1980களில் இந்த ஏற்பாடு தொடங்கியபோது, கட்டணத்திலிருந்து சம்பளம் வாங்கிய காவலர்கள் உள்ளூர்க்காரர்களே. அப்போது நூறுக்கும் குறைவு என்று மதிப்பிடப்பட்ட மார்க்கோர் பின்னாளில் ஆயிரத்தைத் தாண்டியது. சம்பளப் பட்டியலில் உள்ளூர்ப் பெயர் இல்லாத திட்டத்தை நான் அந்த இடத்திலேயே மூடிவைத்துவிடுவேன்.

அடுத்து, எண்ணுவது யார்? கிடங்குப் பொறுப்பாளரே இருப்பையும் எண்ணிக் கையெழுத்துப் போட்டால் எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார். அனுமதி விற்றுப் பிழைப்பவர் தரும் விலங்குக் கணக்கும் அப்படித்தான். ஒதுக்கீடு எவ்வளவு சிறியது என்றும் பாருங்கள். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை மார்க்கோருக்கு 1997இல் பாகிஸ்தானுக்குக் கொடுத்தது ஆண்டுக்கு 6. 2002இல் அது 12 ஆனது. அவ்வளவுதான்.

மூன்றாவது கேள்வியில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள்: விழுவது எந்த விலங்கு? கிழட்டுக் கிடா ஒன்று போனால் மந்தைக்குப் பெரிய நட்டம் இல்லை. மார்க்கோரின் கொம்பில் ஆண்டுக்கொரு வளையம் விழும். வயதைத் தொலைநோக்கியிலேயே எண்ணிவிடலாம். சிங்கத்தின் கதை வேறு. குட்டிகள் உள்ள கூட்டத்தின் ஆணைச் சுட்டால், புதிதாக வரும் ஆண் அந்தக் குட்டிகளைக் கொன்றுவிடும். ஒரு தோட்டாவுக்கு ஒரு சாவு என்று செலவெழுதினால் அது பொய்க்கணக்கு. அதனால்தான் ஆறு வயதுக்குக் குறைந்த ஆணைச் சுடக்கூடாது என்று ஆய்வாளர்கள் வற்புறுத்தினார்கள். வயதைக் காட்டுவது மூக்கு: இளமையில் இளஞ்சிவப்பு, வயதாக ஆகக் கரும்புள்ளிகள் பரவும். தான்சானியாவில் சிங்க ஆய்வாளர் கிரெய்க் பேக்கரின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், மிக அதிகமாகச் சுட்ட பகுதிகளில்தான் சிங்கங்களின் சரிவும் மிகக் கடுமையாக இருந்தது.

கனடாவின் ராம் மலையில் இன்னொரு வினோதம். கொம்பு குறிப்பிட்ட அளவு வளைந்தால் சுடலாம் என்பது அங்கே காட்டுச் செம்மறிக்கான விதி. விளைவு, கொம்பு வேகமாக வளர்ந்த கிடாக்கள் இனம் பெருக்கும் முன்பே விழுந்தன. தலைமுறை போகப் போகக் கொம்பே சிறுத்தது. விதியை எழுதியவர்கள் இதை நினைத்தே பார்த்திருக்கமாட்டார்கள்.

கடைசியாக, வேட்டையை நிறுத்தினால் அந்த நிலம் என்ன ஆகும் என்று கேளுங்கள். கென்யா 1977இல் விளையாட்டு வேட்டையைத் தடை செய்தது. அதன்பின் 2016 வரையிலான சுமார் நாற்பது ஆண்டுகளில் பெரிய காட்டு விலங்குகள் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன. தடைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை: மக்கள்தொகையும் வேலிகளும் கால்நடையும் பெருகின. ஆனால் தடை மட்டுமே காப்பாற்றவில்லை என்பது தெளிவு. சுற்றுலாப் பயணி வருகிற இடத்தில் கேமராவே போதும். சாலையும் விடுதியும் இல்லாத வறண்ட மலையில் காவலரின் அடுத்த மாதச் சம்பளத்துக்கு வழி என்ன? தடை கோருகிறவர் அந்த வரவை எழுதிக் காட்டட்டும். வேட்டை வேண்டும் என்பவர் மேலே கேட்ட மூன்றுக்கும் வவுச்சர் காட்டட்டும். என் கணக்கில் தோர்கர் தேறுகிறது. தான்சானியாவின் அந்தப் பழைய சிங்கக் கணக்கு தேறவில்லை.