உடம்பு கொஞ்சம் பெரிசா? மலைநாட்டுல முதல் பைக் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் சைஸைப் பாத்துட்டே நிறைய பேர் என்னைய பைக் பாக்க கூட்டிட்டுப் போவாங்க. நூறு கிலோவுக்கு மேல இருக்குற ஒருத்தன் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியான்னு வருசக்கணக்கா ஓடுறானே, இவனுக்குத் தெரிஞ்சிருக்கும்னு ஒரு நம்பிக்கை. போறோம், பாக்குறோம், சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுறாங்க, அடுத்த கிழமை பாத்தா கலர் புடிச்சதை வாங்கிட்டு வந்து நிக்கிறாங்க. ஒயிலைப் பாருங்க, புக்கைப் பாருங்கன்னு ஊரே சொல்றதை நான் திருப்பிச் சொல்லப் போறதில்ல.

"மேட்டுல இழுக்குமா"ன்னு மட்டும் கேக்குறது

இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு இன்னும் எரிச்சல் வருது. ஆமா, இழுவை முக்கியம் தான். மேல போகப் போக காத்து அடர்த்தி குறையும், எஞ்சின் பவரும் குறையும், 1868 மீட்டர்ல இருக்குற நுவரெலியாவுல ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு காணாமப் போயிரும். அதோட நீங்க 110 கிலோ, பின்னால ஒரு ஆள்னா 100 சிசி பைக் முதல் கியர்ல தான் அழுதுக்கிட்டு ஏறும். ஆனா ஏறலன்னா என்ன ஆகும்? நிக்கும். பின்னால இருக்குறவர் இறங்கி நடப்பாரு, அவ்வளவு தான்.

இறக்கத்துல அப்பிடி நிக்காது. அதை யாருமே கேக்குறதில்ல.

எங்க மருமகன், அக்கா மகன் தான், 115 கிலோ இருப்பான். கியர் மாத்துற தொல்லை இல்ல, பொண்டாட்டியும் ஓட்டலாம்னு சின்ன ஸ்கூட்டர் ஒண்ணை லீசிங்ல எடுத்தான், முன்னுக்கும் பின்னுக்கும் டிரம் பிரேக். வேணான்டான்னேன். "இல்ல மாமா, மேட்டுல நல்லா இழுக்குது, ஓடிப் பாத்துட்டேன்"ன்னான். ரெண்டு பேரும் நுவரெலியாவுல இருந்து ரம்பொடை வழியா புசல்லாவைக்கு இறங்கி இருக்காங்க. பாதியிலயே ஒரு கருகுன வாடை, முன்னால போற லொறின்னு நெனைச்சிருக்கான். அடுத்த வளைவுல பிரேக்கைப் புடிச்சா லீவர் ஹேண்டில் வரைக்கும் வந்து ஒட்டுது, வண்டி குறையவே இல்ல. நல்ல வேளை பள்ளத்துப் பக்கம் போகாம மேட்டுப் பக்கக் கான்ல விட்டுட்டான். பின்னால இருந்த பொண்டாட்டிக்கு மணிக்கட்டு முறிஞ்சது. ஸ்கூட்டரை நட்டத்துக்கு வித்து லீசிங்கை முடிச்சு, மறுபடி கடன்பட்டு கியர் பைக் வாங்குனான். மொதல்லயே அதை வாங்கியிருந்தா ஒரே கடன்.

ஸ்கூட்டர்ல கோளாறு ஒண்ணும் இல்ல, கராஜ் பாஸ், அதான் மெக்கானிக், கழட்டிப் பாத்துட்டுச் சொன்னாரு. கண்டி சுமார் 500 மீட்டர் உயரத்துல இருக்கு, அப்ப நுவரெலியாவுல இருந்து அங்க போனா 1300 மீட்டருக்கு மேல இறக்கம், அவ்வளவு தூரமும் வண்டியையும் உங்களையும் புடிச்சு நிறுத்துற வேலை பெரும்பாலும் பிரேக்குல சூடா தான் இறங்குது. எடை கூடக் கூட சூடும் கூடும். டிரம்முக்குள்ள அந்தச் சூடு வெளியேற வழி கம்மி, லைனிங் புடிமானத்தை விட்டுரும். கியர் பைக்னா ரெண்டாவதுல போட்டு விட்டா எஞ்சினே பாதி வேலையைப் பாத்துக்கும். ஸ்கூட்டர்ல எஞ்சின் புடிப்பு கொஞ்சம் தான், வேகம் ரொம்பக் குறைஞ்சா கிளட்ச் விட்டுப் போய் அதுவும் இல்ல.

அதனால ஓடிப் பாக்கும்போது கீழ இறங்குங்க. ரதல்ல குறுக்கு ரோட் மாதிரி ஒரு இறக்கத்துல ரெண்டாவது கியர்ல எக்சிலேட்டரை விட்டுப் பாருங்க, உங்க எடையைத் தாங்கி இழுத்துப் புடிக்குதா, இல்ல ஓடிக்கிட்டே இருக்கான்னு. முன்னுக்கு டிஸ்க் பிரேக் கட்டாயம். வீட்டாளையும் ஏத்திக்கிட்டு ஓடப் போறீங்கன்னா அவங்களையும் வச்சே பாருங்க. விக்கிறவர் மூஞ்சியைச் சுளிச்சா சுளிக்கட்டும்.

தாங்குற எடையைப் பாக்காம வாங்குறது

பைக்கோட வர்ற புத்தகத்துல மொத்த எடை எவ்வளவு வரைக்கும்னு போட்டிருக்கும், அதுல வண்டியோட எடையைக் கழிச்சா மிச்சம் தான் உங்களுக்கு. சின்ன பைக் நிறையதுல அது 130, 150 கிலோன்னு தான் வரும். நீங்க 115னா மிச்சத்துல அரிசி மூட்டையா பொண்டாட்டியான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

ஷொக்கை அப்பிடியே விடுறது

கம்பனில இருந்து வரும்போது ஷொக் மெலிஞ்ச ஆளுக்குத் தான் வச்சிருக்கும். நாம ஏறி உக்காந்தா பின் பக்கம் அமுங்கும், முன் பக்கம் தூக்கும், லைட் ரோட்டுல விழாம மேல போகும். நானுஓயாப் பக்கம் ராவைக்கு மிஸ்ட் இறங்குன நேரம் இதை அனுபவிச்சுப் பாருங்க, முன்னால வெள்ளைத் துணி கட்டுன மாதிரி இருக்கும், எதிர்ல வர்றவனும் கண்ணு கூசி ஏசிட்டுப் போவான். ஷொக்குக்குக் கீழ படி வெட்டுன வளையம் ஒண்ணு இருக்கு, அதைத் திருப்பி இறுக்கலாம், பாஸ்கிட்டச் சொன்னா நிமிசத்துல முடிச்சுருவாரு. அப்புறம் நீங்க மேல உக்காந்திருக்கும்போதே லைட்டையும் எறக்கி வைக்கச் சொல்லுங்க. கடைசிப் படி வரைக்கும் இறுக்கியும் மட்கார்ட்ல டயர் இடிக்குதுன்னா அந்த பைக் உங்களுக்கு இல்ல.

பெரிய ஆளுக்குப் பெரிய பைக்

எடையும் உயரமும் வேற வேற. நூத்திப்பத்து கிலோ இருந்துக்கிட்டு அஞ்சரை அடி தான் இருக்குறவங்க உயரமான சீட்டுல உக்காந்தா, தோட்டத்து ரோட்டுல சரிவுப் பக்கம் காலை ஊன்டும்போது கீழ தரையே இருக்காது. பாரமான பைக்னா அப்பிடியே உங்களையும் சேத்துச் சாய்ச்சுக்கிட்டுப் போயிரும். முதல் பைக்குக்கு 150 சிசி பக்கத்துல ஒண்ணு போதும்.

டயர் காத்து

ரெண்டு பேர் போகும்போது எவ்வளவுன்னு போட்டிருக்கோ, தனியா போனாலும் பின் டயருக்கு அதையே அடிங்க.

ஹெல்மெட்

தலைக்குப் பத்தலன்னா வாங்காதீங்க.

லைசன்

ஏ1 மட்டும் இருந்தா 100 சிசிக்கு மேல ஓட்ட முடியாது, ஏ வேணும். அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முந்தி கார்ட்டைத் திருப்பிப் பாருங்க.