குச்சிப்பூச்சி வளர்ப்பு

ஐரோப்பிய வீடுகளிலும் பள்ளிகளிலும் விரும்பி வளர்க்கப்படும் இந்தியக் குச்சிப்பூச்சி, கொடைக்கானலை அடுத்த செண்பகனூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் பிடிக்கப்பட்ட பூச்சிகளைக் கொண்டு 1901இல் அறிவியலுக்கு அறிமுகமானது.

வளர்ந்த பூச்சி 8 முதல் 10 செ.மீ. நீளம் இருக்கும், அது தலைகீழாகத் தொங்கியே தோலுரிப்பதால், கூண்டின் உயரம் அந்த நீளத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும், இல்லையேல் கால்கள் கோணிப்போகும், அதைப் பார்க்க மனம் பொறுக்காது. பிளாக்பெர்ரிச் செடி அல்லது ஐவி என்னும் படர்கொடியின் இலைகளைத் தண்டோடு நீர்ப்புட்டியில் செருகி, இளம்பூச்சிகள் விழுந்து மூழ்காதபடி அதன் வாயைப் பஞ்சால் அடைத்துவிட்டு, மாலையில் இலைகள்மேல் சிறிது நீர் தெளியுங்கள். விளக்கணைத்த பின், காற்றில் ஆடும் சுள்ளியைப் போல அசைந்து வந்து அவை இலை விளிம்பைக் கொறிப்பதைக் காண்பதே இவ்வளர்ப்பின் பெரிய மகிழ்ச்சி.

ஆண் துணையின்றியே பெண் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மிகுதியானவற்றை ஃப்ரீசரில் உறையவைத்து அழியுங்கள், தோட்டத்தில் மட்டும் கொட்டிவிடாதீர்கள்.